"எஜமான்" உரம்! கம்பு விளைச்சலைக் கூட்டிய பெண்கள்

2022-ம் ஆண்டு உலகம் எங்கும் உர விலை எகிறியது. உக்ரைன் மீது ரஷ்யா படை எடுத்ததே முக்கிய காரணம். யூரியா தயாரிக்க எரிவாயு வேண்டும். எரிவாயு விலை ஏறியது. உர விலையும் ஏறியது. உலகச் சந்தைக்கு உரம் அனுப்பும் பெரிய நாடுகளில் ரஷ்யாவும் ஒன்று. பணக்கார நாடுகள் எப்படியோ சமாளித்தன. ஏழை நாட்டு விவசாயி என்ன செய்வான்?

ஆப்பிரிக்காவில் உள்ள நைஜர் நாட்டில் அதற்கு முன்பே ஒரு சோதனை நடந்திருந்தது. அங்கே பெண்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் சத்து இல்லாத நிலம். கையில் பணமும் கிடையாது. 2014 முதல் 2016 வரை 27 பெண்கள் குழுக்கள் அந்த நிலத்தில் கம்பு பயிரிட்டன. போட்ட உரம், மனிதச் சிறுநீர்!

பெயர் மாற்றம்

"சீச்சீ!" என்று ஊரார் முகம் சுளிப்பார்களே? ஆராய்ச்சியாளர்கள் ஒரு யுக்தி செய்தார்கள். பெயரை மாற்றிவிட்டார்கள். "ஓகா" என்று பெயர் வைத்தார்கள். இக்போ மொழியில் அதற்கு "எஜமான்" என்று பொருள். வழக்கமான சாகுபடியைவிடச் சராசரியாக 30 சதவீதம் கூடுதல் விளைச்சல் கிடைத்தது. இரண்டு வருடத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட பெண்கள் "எஜமானை" நாடிவிட்டார்கள்!

இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. யூரியா முதலில் சிறுநீரில் இருந்துதான் பிரித்து எடுக்கப்பட்டது. 1828-ல் ஊலர் என்ற ஜெர்மன் விஞ்ஞானி அதைச் செயற்கையாகச் செய்து காட்டினார். இன்று மூட்டையில் வருவது அதே பொருள்தான்.

ஒருவர் வருடத்துக்கு ஏறத்தாழ 500 லிட்டர் சிறுநீர் கழிக்கிறார். சுவீடன் நாட்டுக்காரரின் சிறுநீரில் வருடத்துக்குச் சுமார் 4 கிலோ தழைச்சத்து இருக்கிறது. நம் நாட்டுச் சாப்பாட்டில் புரதம் குறைவு. ஆகையால் நமக்கு 2 கிலோவுக்குச் சற்று மேல். ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்குக் கணக்குப் போட்டால், அரை மூட்டை யூரியாவுக்குச் சமம். மணிச்சத்தும் சாம்பல் சத்தும் கொஞ்சம் சேர்ந்தே வரும்.

ஆபத்து உண்டா?

உண்டு. ஆனால் பெரிய ஆபத்து சிறுநீரில் இல்லை. அதில் மலம் கலப்பதில்தான் இருக்கிறது. டைபாய்டு, எலிக்காய்ச்சல் கிருமிகள் சிறுநீரிலும் வெளிவரும். ஆகையால் நோயாளியின் சிறுநீரைச் சேர்க்கக் கூடாது.

உலக சுகாதார நிறுவனம் 2006-ல் வழிமுறை வகுத்தது. ஒரு குடும்பத்தின் சிறுநீர் அதே குடும்பத்தின் தோட்டத்துக்கு என்றால், சேமித்து வைக்காமலே ஊற்றலாம். பல குடும்பங்களில் சேர்த்தது என்றால், 20 டிகிரி அல்லது அதற்கு மேல் வெப்பத்தில் ஆறு மாதம் மூடி வைக்க வேண்டும். அதற்குள் யூரியா அமோனியாவாக மாறும். அமோனியா கிருமிகளைக் கொல்லும். சேமிக்கும்போது தண்ணீர் கலக்கக் கூடாது. கலந்தால் வீரியம் குறையும். மூடி இறுக்கமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சத்து காற்றோடு போகும். பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார்! உலோகப் பாத்திரம் அரித்துவிடும். பிளாஸ்டிக் கேன் நல்லது.

ஊற்றும்போது ஒரு பங்குக்கு மூன்று முதல் பத்துப் பங்கு தண்ணீர் சேர்க்கலாம். இலையில் படக் கூடாது. வேருக்குச் சற்றுத் தள்ளிப் பள்ளம் பறித்து ஊற்றி, மண்ணைத் தள்ளி மூட வேண்டும். இளம் நாற்று கருகிவிடும். ஒரு சதுர மீட்டர் பாத்திக்கு, ஒரு சாகுபடிக்கு, ஒருவரின் ஒரு நாள் சிறுநீர் போதும். அறுவடைக்கு ஒரு மாதம் முன்பே நிறுத்திவிட வேண்டும். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். பச்சையாகத் தின்னும் கீரை, வெள்ளரிக்கு ஊற்றாமல் இருப்பதே மேல். சிறுநீரில் உப்பும் இருக்கிறது. உவர் நிலத்துக்கு இது ஆகாது.

மருந்து சாப்பிடுகிறவர்களின் சிறுநீரில் மருந்தின் மிச்சம் வரும். அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலத்தில், 2012-ல் தொடங்கிய ஒரு நிறுவனம் வீடுவீடாகச் சிறுநீர் சேகரித்து, சூடாக்கிக் கிருமி நீக்கி, விவசாயிகளுக்குக் கொடுக்கிறது. அந்த உரத்தில் வளர்ந்த கீரையைச் சோதித்தார்கள். மருந்து மிகமிகச் சொற்ப அளவிலேயே இருந்தது.

சுமப்பது யார்?

இந்த உரம் யூரியாவை ஒழித்துவிடும் என்று நினைத்தால் அது வீண் கனவு. 500 லிட்டரில் இருப்பது சில கிலோ சத்து, மற்றதெல்லாம் தண்ணீர். லாரி வாடகைக்குக் கட்டாது. வீட்டுத் தோட்டத்துக்கும் பக்கத்து வயலுக்கும்தான் சரி.

நம் நாட்டில் இன்னொரு கேள்வியும் இருக்கிறது. கழிவு சுமக்கும் வேலையை ஒரு சில சாதியார் தலையில் கட்டிய நாடு இது. மலம் அள்ள ஆள் வைப்பதை 2013-ம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. நைஜர் பெண்கள் தங்கள் கேனைத் தாங்களே தூக்கினார்கள். இங்கேயும் அவரவர் கேனை அவரவர் தூக்கினால் சரி. அதற்கும் "ஆள்" தேடினால்?

திருச்சி மாவட்டம் முசிறியில், சிறுநீரைத் தனியே பிரிக்கும் பொதுக் கழிப்பிடம் 2006-ல் திறக்கப்பட்டது. வந்து போகிறவர்களிடம் காசு வாங்கவில்லை. பிறகு அவர்களுக்கே காசு கொடுத்தார்கள்!