படைத்தளக் கழிவு நீரும் பக்கத்துக் கிணறும்

"கழிவு நீரைப் பரிசோதித்தாயிற்று, குறை ஒன்றும் இல்லை" என்ற சான்று மட்டுமே உழவருக்குப் பாதுகாப்பு ஆகாது. எந்தப் பொருளைத் தேடிப் பரிசோதித்தார்கள் என்பதே முக்கியம். அமெரிக்காவில் நியூ மெக்சிகோ மாநிலத்தின் க்ளோவிஸ் நகரை அடுத்த கேனன் விமானப்படைத் தளம் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு.

விமான எரிபொருளில் பற்றும் தீயை அணைக்க, 1970-களிலிருந்து அங்கு ஒருவகை நுரை பயன்பட்டது. அதில் பி.எப்.ஏ.எஸ். எனப்படும் ரசாயனங்கள் உண்டு. பயிற்சியின்போது தரையில் கொட்டிய நுரை நீர் மண்ணில் இறங்கி நிலத்தடி நீரில் கலந்தது. அடுத்திருந்த பால் பண்ணையின் கிணறுகள் கெட்டுவிட்டன என்பது 2018 ஆகஸ்டில்தான் பண்ணைக்காரருக்குத் தெரிவிக்கப்பட்டது. அந்த நீரைக் குடித்த மாடுகளின் பாலிலும் அதே ரசாயனம் காணப்பட்டது. பால் விற்பனை நின்றது. கறந்த பாலைக் கீழே கொட்ட நேர்ந்தது. 2022-இல் 3,600-க்கும் மேற்பட்ட மாடுகள் கொண்ட மந்தையையே அழிக்க வேண்டியதாயிற்று.

கழிவு நீரில் வழக்கமாகப் பார்ப்பது கார அமில நிலை, உப்பின் அளவு, பி.ஓ.டி., கலங்கல் ஆகியவையே. இவற்றில் பி.எப்.ஏ.எஸ். அகப்படாது. நிறமோ வாசனையோ காட்டிக் கொடுக்காது. கொதிக்க வைத்தாலும் போகாது; சுத்திகரிப்பு நிலையத்தின் நுண்ணுயிர்களாலும் சிதையாது. இவ்வகையின் இரு முக்கிய ரசாயனங்களுக்குக் குடிநீரில் அமெரிக்கா 2024-இல் விதித்த உச்ச வரம்பு, லட்சம் கோடிப் பங்கில் 4 பங்குதான். இத்தனை நுண்ணிய அளவை அதற்கென உள்ள தனிக் கருவியால்தான் அறிய முடியும்.

ஆகவே, தளத்தினுள் என்னென்ன ரசாயனங்கள் புழங்குகின்றனவோ, அவற்றையே கழிவு நீரில் தேட வேண்டும். வெளியேறும் வாய்க்காலோடு நில்லாமல், சுற்றியுள்ள கிணறுகளிலும் மாதிரி எடுக்க வேண்டும். செலவு கழிவை விட்டவரையே சேரும். முடிவைக் கிணற்றுக்குரியவருக்கு உடனே தெரிவிக்க வேண்டும்.

படைத்தளத்தில் ரகசியம் காப்பது அவசியம் என்பர். விமானங்களின் எண்ணிக்கை ரகசியமாக இருக்கலாம். அடுத்த வீட்டு மாடு குடிக்கும் தண்ணீரின் தன்மை ரகசியமாக இருக்கலாகாது. கேனன் தளத்தின் மாசு தொடர்பாக நியூ மெக்சிகோ மாநிலம் 2019-இல் விமானப்படை மீது வழக்குத் தொடர்ந்தது. வழக்கு எப்படி முடிந்தாலும் இறந்த மாடுகள் திரும்பி வரப்போவதில்லை. காலத்தில் செய்த பரிசோதனை ஒன்றே அவற்றைக் காத்திருக்கும்.