குடும்ப வைத்தியம்: சட்டைப்பையில் இருந்த குளிசை

கலேவெலவிலிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். ஊரின் பெயரைக் குறிப்பிடலாம், தம் பெயர் மட்டும் வேண்டாம் என்பது அவரது வேண்டுகோள். குருநாகலிலிருந்து தம்புள்ளைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் பயணம் செய்தோர் அச்சிறு பட்டணத்தை அறிவர். ஒருவர் வீட்டுச் செய்தி மறுநாள் சந்தியில் பேசப்படும் அளவுக்கு மனிதர்கள் நெருங்கி வாழும் ஊர். ஆகவே அவரது அச்சம் நியாயமானதே.

அவருடைய கணவர் வியாபாரி, வயது 48. ஒன்பது ஆண்டுகளாகச் சலரோகம். சென்ற ஆண்டு மார்புவலி வந்தபின், வலி தோன்றும்போது நாவின் கீழ் வைத்துக்கொள்ளுமாறு ஒரு சிறு குளிசையும் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு ஆண்டுகளாக அவர் மனைவியை விட்டு விலகி விறாந்தையிலே படுக்கிறார். “என்மீது வெறுப்பு வந்துவிட்டதென்றே எண்ணி அழுதேன்” என்கிறார் சகோதரி. அண்மையில் துவைப்பதற்காகச் சட்டையை எடுத்தபோது பையில் ஒரு பக்கெட் இருந்தது. மேலே புலியின் படம்; சிங்களமும் அல்லாத, தமிழும் அல்லாத, ஆங்கிலமும் அல்லாத எழுத்து. நான்கு குளிசைகளுக்கு இடம் இருந்தது, இரண்டு குறைந்திருந்தன. கேட்டதற்கு, “பலத்துக்கான மூலிகை” என்று சொல்லிப் பறித்துக்கொண்டாராம். இது ஆபத்தானதா என்று கேட்கிறார்.

ஆபத்தானதே. அதுவும் அவருடைய கணவருக்கு மற்றெவரையும்விட ஆபத்தானது.

இத்தகைய விஷயம் பிள்ளைகளும் படிக்கும் பக்கத்தில் வரலாமா என்று சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். சலரோகத்தால் கண்ணும் சிறுநீரகமும் காலும் கெடுவதைப் பற்றி எழுதினால் எவரும் முகஞ்சுளிப்பதில்லை. அதே நோய் அதே வழியில் செய்யும் இன்னொரு கேடுதான் ஆண்மைத் தளர்ச்சி. 11ஆம் நூற்றாண்டிலேயே பாரசீக வைத்திய மேதை இப்னு சீனா, நீரிழிவின் விளைவுகளுள் ஒன்றாக இதனைக் குறித்துவைத்தார். கொழும்பில் சலரோகக் கிளினிக்குக்கு வரும் ஆண்களிடையே நடத்தப்பட்டு 2008இல் வெளியான ஆய்வொன்றில், பத்துப் பேரில் ஏறக்குறைய ஏழு பேருக்கு இக்குறை ஏதோ ஓர் அளவில் இருக்கக் காணப்பட்டது. ஆக, அந்த விறாந்தையில் அவர் தனித்துப் படுத்திருக்கவில்லை என்று சொல்லலாம்.

இது நேர்வதன் காரணம் எளிது. விருப்பம் மனத்தில் எழுந்ததும் நரம்புகள் செய்தியைக் கொண்டுபோகின்றன. அங்கே நைட்ரிக் ஒக்சைட் என்னும் பொருள் சுரந்து இரத்தக் குழாய்களைத் தளர்த்துகிறது. இரத்தம் பாய்ந்து நிரம்புகிறது. பல்லாண்டு கட்டுக்கடங்காமலிருந்த சீனி, செய்தி கொண்டுபோகும் நரம்பையும் கெடுக்கிறது, இரத்தம் பாயும் குழாயையும் கெடுக்கிறது. விருப்பம் இருந்தும் உடல் இணங்காத நிலை இதுவே. இதில் வெறுப்புக்கு இடமேது, சகோதரி? பெரும்பாலும் வெட்கமும், மறுபடி தோற்றுவிடுவோமோ என்ற பயமுமே ஒரு கணவனை விறாந்தைக்குத் துரத்துகின்றன.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். அவ்வுறுப்பின் இரத்தக் குழாய்கள் இருதயத்தின் குழாய்களைக் காட்டிலும் குறுகலானவை. ஆகையால் அடைப்பு முதலில் அங்கே தெரியவருகிறது. சில ஆண்டுகள் கழித்து மார்பில் தெரிகிறது. இவர் வீட்டில் நடந்ததும் அந்த வரிசையில்தான். முதல் அறிகுறியின்போதே வைத்தியரிடம் சொல்லியிருந்தால் இருதயத்தை அப்போதே சோதித்திருப்பார்கள்.

இனி அந்தப் பக்கெட்டுக்கு வருவோம். “மூலிகை” என்று விற்கப்படும் இத்தகைய சரக்குகள் பலவற்றைப் பரிசோதித்தபோது, வயாகராவில் உள்ள சில்டெனாஃபில் என்னும் மருந்தே அளவு தெரியாமல் கலக்கப்பட்டிருக்கக் கண்டிருக்கிறார்கள். சில்டெனாஃபில் நல்ல மருந்து. இருதய வலிக்கென ஆராயப்பட்டு, எதிர்பாராத பயன் தெரியவந்து, 1998இல் அமெரிக்காவில் இக்குறைக்கு அனுமதி பெற்றது. ஆனால் மார்புவலிக்கு நாவின் கீழ் வைக்கும் நைட்ரேட் குளிசையும் அதுவும் ஓருடலில் சந்திக்கக்கூடாது. இரண்டும் இரத்தக் குழாய்களைத் தளர்த்துபவை. சேர்ந்தால் இரத்த அழுத்தம் படுபாதாளத்துக்கு இறங்கி உயிரே போகலாம். இவர் எதை விழுங்குகிறார் என்று இவருக்கும் தெரியாது, அவசரத்தில் இவரைத் தூக்கிச்செல்லும் வைத்தியசாலைக்கும் தெரியாது.

இதைவிடக் கொடிய கலப்படமும் உண்டு. 2008ஆம் ஆண்டின் முதல் ஐந்து மாதங்களுக்குள் சிங்கப்பூரின் அரசாங்க வைத்தியசாலைகளுக்கு 150 பேர், இரத்தத்தில் சீனி அபாயகரமாக இறங்கிய நிலையில் வந்துசேர்ந்தனர். சலரோகமே இல்லாதவர்கள் அவர்கள்! ஆராய்ந்ததில், சட்டவிரோதமாக விற்கப்பட்ட ஆண்மைக் குளிசைகளுள் கிளிபென்கிளமைட் என்னும் சலரோக மருந்து பெருமளவில் கலந்திருந்தது தெரியவந்தது. ஏழு பேர் நினைவிழந்தே கிடந்தனர், நால்வர் இறந்தனர். ஏற்கெனவே சீனிக்கு மருந்து உண்ணும் ஒருவர் அத்தகைய குளிசையை இரவில் விழுங்கிப் படுத்தால், வியர்த்து மயங்குவதைக்கூட வீட்டார் தூக்கமென்றே நினைத்திருப்பர்.

அப்படியானால் பரிகாரமே இல்லையா? நிறைய உண்டு. முதலில் மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் பரிசோதனை, இரத்த அழுத்தம், கொழுப்பு, இருதயம் ஆகியவற்றைப் பார்ப்பார்கள். வேண்டுமாயின் காலை வேளையில் ஆண் சுரப்பின் அளவையும் பார்ப்பார்கள். அழுத்தத்துக்கு உண்ணும் சில மருந்துகளும் இக்குறையைக் கூட்டக்கூடும். அவற்றை வைத்தியர் மாற்றலாம், நோயாளி தாமாக நிறுத்தக்கூடாது. புகைப்பவர் புகையை விடவேண்டும். இரண்டு மாடிப் படிகளை மார்புவலியும் மூச்சிரைப்பும் இன்றி ஏறக்கூடியவருக்குத் தாம்பத்தியத்தைப் பெரும்பாலும் இருதயம் தாங்கும்.

நைட்ரேட் உண்ணாத சலரோகிகளுக்கு வைத்தியர் சில்டெனாஃபிலைத் தக்க அளவில் எழுதிக்கொடுப்பார். 1999இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், இதனை உண்ட சலரோகிகளுள் 100க்கு 56 பேர் குணங் கண்டனர். வெறும் போலிக் குளிசை உண்டவர்களுள் 10 பேரே. சலரோகம் இல்லாதவர்களுக்குக் கிடைக்கும் பயனைவிட இது குறைவு. எனவே முதல் நாளே பலிக்கவில்லையென்று மனமொடிந்து இரண்டாவது குளிசையை விழுங்கலாகாது. ஒரு நாளைக்கு ஒன்றே. கொழுப்பு நிறைந்த உணவுக்குப் பின் வேலை தாமதிக்கும். புரொஸ்டேட் சுரப்பிக்கு மருந்து உண்பவர் அதையும் சொல்லவேண்டும். பார்வை திடீரென மங்கினாலோ, விறைப்பு நான்கு மணி நேரத்துக்கு மேல் நீடித்தாலோ உடனே வைத்தியசாலைக்குப் போகவேண்டும்.

உங்கள் கணவர் விஷயத்தில் இக்குளிசைகள் விலக்கு. ஆயினும் கதவு அடைபட்டுவிடவில்லை. நாவின் கீழ் வைக்கும் குளிசை இன்னும் தேவையா என்று இருதய வைத்தியர் மறுபரிசீலனை செய்யலாம். அது தேவையென்றால், இரத்தத்தை உறிஞ்சி நிரப்பும் வெற்றிடக் கருவியும், ஊசி மருந்தும் இருக்கின்றன. தம்புள்ளை, குருநாகல், மாத்தளை ஆகிய மூன்று இடங்களிலும் பெரிய வைத்தியசாலைகள் உண்டு. உள்ளூரில் முகம் தெரியுமே என்று தயங்குபவர் அங்கே போகலாம்.

வைத்தியரிடம் சொல்வதுதான் கடினம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். கிளினிக்கில் பின்னால் ஐம்பது பேர் நிற்பார்கள். வைத்தியர் சிங்களத்தில் கேட்பார். சொல்லத் தெரியாதவர் மகனையோ மகளையோ மொழிபெயர்க்க அழைத்துச் சென்றிருப்பார். மகளை வைத்துக்கொண்டு எந்தத் தகப்பன் இதைச் சொல்வார்! இரண்டே வரியில் ஒரு துண்டுக் கடதாசியில், சிங்களம் தெரிந்த நம்பிக்கையான நண்பர் ஒருவரைக் கொண்டு எழுதி, கிளினிக் கொப்பிக்குள் வைத்து நீட்டினால் போதும். வைத்தியருக்கு இது அன்றாடம் காணும் நோய்.

அவரிடம் எப்படிப் பேசுவது என்று கேட்டிருக்கிறீர்கள். பக்கெட்டைப் பற்றித் தொடங்காதீர்கள். அது குற்றம் சாட்டுவது போலாகும். இது சலரோகத்தின் வேலை என்று படித்தேன், அடுத்த கிளினிக்குக்கு நானும் வருகிறேன் என்று மட்டும் சொல்லுங்கள். இந்தப் பக்கத்தை அவர் கண்ணில் படும்படி வைத்துவிட்டாலும் சரியே.

அதற்கிடையில் அவருக்கு மார்புவலி வந்தால், அன்றோ முந்தைய இரண்டு நாட்களிலோ அந்தக் குளிசையை உண்டாரா என்று முதலில் கேளுங்கள். உண்டிருந்தால் நாவின் கீழ் எதையும் வைக்கவேண்டாம். 1990க்கு அழைத்து அம்புலன்ஸ் வரவழைத்து, வந்தவர்களிடம் கூசாமல் சொல்லுங்கள். வியர்த்து நடுங்கினால், விழுங்கக்கூடிய நிலையில் இருக்கும்போதே சீனித் தண்ணீர் கொடுங்கள். மிச்சமிருக்கும் இரண்டு குளிசைகள் கைக்குக் கிட்டினால் எறிந்துவிடவேண்டாம். பக்கெட்டோடு வைத்தியரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.