இருட்டில் கடித்த மிட்டாய்

போன செவ்வாய்க்கிழமை ராத்திரி கரண்ட் போனது. தெரு முழுக்கக் கும்மிருட்டு. வீட்டு இன்வெர்ட்டரும் நாலு நாளாகப் படுத்துக் கிடந்தது. மெழுகுவத்தியைத் தேடுவதற்குப் பதில் சமையலறைக்குப் போய், தடவித் தடவிக் கல்கண்டு டப்பாவையும் அம்மாவின் பழைய பாக்குவெட்டியையும் எடுத்தேன்.

“இருட்டுல என்னடா உருட்டுற?”

“இப்படி வந்து உக்காரும்மா. இதைப் பாரு.”

ஒரு பெரிய கட்டியை வைத்து அழுத்தினேன். டக். ஒன்றும் இல்லை. அடுத்ததிலும் இல்லை. கண் இருட்டுக்குப் பழகப் பத்து நிமிஷமாவது வேண்டும் என்பதை மறந்திருந்தேன். ஐந்தாவதோ ஆறாவதோ நொறுங்கியபோது வெட்டுவாயில் வெளிறிய நீலத்தில் ஒரு மினுக்கம், வந்த வேகத்தில் போய்விட்டது.

“ஐயோ, ஷாக் அடிச்சிடப் போவுது, கீழ வைடா!”

இந்த யோசனை என் சொந்தச் சரக்கு இல்லை. அமெரிக்காவின் என்.பி.ஆர். வானொலி தொடங்கிய புதிதில், அதன் அறிவியல் நிருபர் ஐரா ஃப்ளேட்டோவும், மாலைச் செய்தி நிகழ்ச்சியைத் தொகுத்து வந்த சூசன் ஸ்டாம்பெர்க்கும் ஒரு சிற்றறைக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டார்கள். கையில் வின்ட்-ஓ-கிரீன் லைஃப் சேவர்ஸ். நம்மூர் போலோ மாதிரி நடுவில் ஓட்டை உள்ள மிட்டாய். அதை இருட்டில் கடித்தால் தீப்பொறி பறக்கும் என்று ஒரு பேச்சு. பறக்கிறதா என்று பார்த்து, நேயர்களுக்குச் சொல்வதுதான் திட்டம்.

பறக்கத்தான் செய்யும். சர்க்கரைப் படிகம் உடையும்போது விரிசலின் ஒரு பக்கம் நேர்மின்னூட்டமும் மறுபக்கம் எதிர்மின்னூட்டமும் தேங்கிவிடுகின்றன. அந்த இடைவெளியை மின்சாரம் தாவிக் கடக்கும்போது காற்றிலுள்ள நைட்ரஜன் ஒளிர்கிறது. வானத்து மின்னலின் குட்டித் தம்பி என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதில் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளி. வலித் தைலத்தில் குப்பென்று ஒரு வாசனை அடிக்குமே, அந்த எண்ணெய்தான் இந்த மிட்டாய்க்கும் மணம் தருகிறது. அது புற ஊதாவை விழுங்கிவிட்டுப் பளிச்சென்று நீலமாகத் திருப்பித் தருகிறது. கல்கண்டில் அந்த எண்ணெய் கிடையாது. எனக்கு வெறும் மினுக்கத்தோடு போனதற்குக் காரணம் அதுதான். சர்க்கரையைச் சுரண்டினால் இருட்டில் ஒளிரும் என்று 17ஆம் நூற்றாண்டிலேயே பிரான்சிஸ் பேகன் எழுதிவைத்திருக்கிறார்.

என்னை விடாமல் பிடித்துக்கொண்டது விஞ்ஞானத்தைவிட அந்தத் துணிச்சல்தான். ரேடியோவில் போய் ஒளியைக் காட்டுவார்களா யாராவது? காதில் விழுவது கடக் முடக் என்ற சத்தமும் இரண்டு பேருடைய குரலும் மட்டும். அதுவே டிவியாக இருந்தால், பார்த்து, ‘அட’ என்று சொல்லிவிட்டு அடுத்த சேனலுக்குப் போயிருப்போம். ரேடியோ அந்தக் கடைசித் துண்டை நம்மிடமே விட்டுவிடுகிறது. பார்க்க வேண்டுமென்றால் நாமே எழுந்து போய் விளக்கை அணைக்க வேண்டும்.

ஃப்ளேட்டோ படித்தது இன்ஜினியரிங், நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ பல்கலைக்கழகத்தில். இன்ஜினியரிங் படித்துவிட்டு சம்பந்தமே இல்லாத வேலைக்குப் போவது தமிழ்நாட்டின் தனிச்சொத்து என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். சின்ன வயதில் வகுப்பில் பார்த்த ஒரு சோதனையை வீட்டில் செய்யப்போய் அம்மாவின் பாத்ரூமைக் கொளுத்தப் பார்த்தவர். 1970இல் முதல் புவி தினம் வந்தபோது பஃபலோவின் உள்ளூர் வானொலிக்காக அறிவியல் செய்தி சேகரிக்கத் தொடங்கினார். அங்கிருந்து என்.பி.ஆர். 1971 முதல் 1986 வரை அங்கே நிருபர் வேலை: ராக்கெட் ஏவும் கென்னடி தளம், 1979இல் அணு உலை விபத்து நடந்த த்ரீ மைல் ஐலண்ட், தென் துருவம். நடுவில் ‘நியூட்டன்ஸ் ஆப்பிள்’ என்ற டிவி நிகழ்ச்சி வேறு.

1991 நவம்பரில் என்.பி.ஆரில் அவர் நடத்தும் ‘சயின்ஸ் ஃப்ரைடே’ தொடங்கியது. ‘டாக் ஆஃப் தி நேஷன்’ என்ற பேச்சு நிகழ்ச்சியில் மற்ற நாட்களெல்லாம் நாட்டு நடப்பு. வெள்ளிக்கிழமை மட்டும் அறிவியல். நேயர்கள் போன் போட்டு நேரலையிலேயே விஞ்ஞானியிடம் கேட்கலாம். வாரத்தில் ஒரு நாளைப் போனால் போகிறதென்று அறிவியலுக்கு ஒதுக்கியது போலத்தான் வெளியிலிருந்து பார்த்தால் தோன்றும். 2013இல் ‘டாக் ஆஃப் தி நேஷன்’ நிறுத்தப்பட்டது. வெள்ளிக்கிழமை மட்டும் பிழைத்துக்கொண்டது. இன்று பாட்காஸ்டாகவும் வருகிறது. நான் கேட்பது அப்படித்தான், பெரும்பாலும் பஸ்ஸில்.

கேட்கக் கேட்கப் பிடிபடும் சங்கதி ஒன்று உண்டு. இந்த வேலையில் அரை நூற்றாண்டு ஊறிய மனுஷனுக்கு முக்கால்வாசிக் கேள்விகளுக்குப் பதில் தெரிந்திருக்கும். தெரிந்ததை அடக்கிக்கொண்டு, கேட்பவர்களுக்காகத் தெரியாதவர் போலக் கேட்க வேண்டும். அதே சமயம் பேசுபவர் கதை விட்டால் பிடித்துவிடவும் வேண்டும். நம்மூர்ப் பேட்டிகளில் கேள்வியே மூன்று நிமிஷம் ஓடி, கடைசியில் ‘சரிதானே சார்?’ என்று முடிகிறது. பாவம், சார் என்ன செய்வார்? தலையை ஆட்டுவார்.

‘தி பிக் பேங் தியரி’ தொடரில் ஃப்ளேட்டோ ஃப்ளேட்டோவாகவே வந்திருக்கிறார். நாயகன் ஷெல்டன் அவருக்கு ரேடியோ பேட்டி கொடுத்துக்கொண்டிருக்கும்போது, எதிரி அறைக்குள் ஹீலியத்தைத் திறந்துவிடுவான். ஷெல்டனின் குரல் கீச்சுக் கீச்சென்று போகும். ஒலியை நம்பிப் பிழைக்கும் தொழிலுக்கு இதைவிடப் பொருத்தமான கேலி கிடைக்காது.

இப்போது அவரோடு ஃப்ளோரா லிச்ட்மேனும் நிகழ்ச்சியை நடத்துகிறார். முன்பு இதே நிகழ்ச்சிக்காக வீடியோ எடுத்தவர். பிறகு வெளியே போய், நேயர்கள் போனில் கேட்கும் விசித்திரக் கேள்விகளுக்கு விடை தேடுவதற்கென்றே ஒரு பாட்காஸ்ட் நடத்திவிட்டுத் திரும்பி வந்திருக்கிறார்.

இதையெல்லாம் அம்மாவிடம் இருட்டில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தேன். ஃப்ளேட்டோ என்ற பெயர் அவள் வாயில் நுழையவில்லை. “அந்த ரேடியோக்காரரு” என்றே வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் சத்தமில்லை.

“ஏண்டா, வெல்லத்துல வருமா?”

நான் பதில் சொல்வதற்குள் கரண்ட் வந்துவிட்டது. ஃபேன் சுற்றியது, ஃபிரிட்ஜ் உறுமியது, பக்கத்து வீட்டில் சீரியல் விட்ட இடத்திலிருந்து தொடங்கியது. அம்மா வெல்ல டப்பாவை என் முன்னால் கொண்டுவந்து வைத்துவிட்டு, போய் லைட்டை அணைத்தாள்.