கணக்கு வாத்தியார் ஆரம்பித்த கட்சி

பி.காம். முடித்து வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம். டிரையல் பாலன்ஸ் டாலி ஆகவில்லை. ராத்திரி எட்டு மணிவரை கூட்டிக் கூட்டிப் பார்த்தும் 312 ரூபாய் இடித்தது. சீனியர் கொட்டாவி விட்டபடி சொன்னார்: "சஸ்பென்ஸ் அக்கவுண்ட்ல போட்டுட்டு வீட்டுக்குப் போப்பா!"

ஜெர்மனி தேர்தல் செய்திகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த 312 ரூபாய்தான் ஞாபகத்துக்கு வருகிறது.

ஐரோப்பாவில் இது வலதுசாரிகளின் சீஸன். 2022-ல் இத்தாலியில் மெலோனி அம்மையார் பிரதமரே ஆகிவிட்டார். 2024-ல் ஆஸ்திரியாவில் சுதந்திரக் கட்சி முதலிடம் பிடித்தது. ஆனால், ஜெர்மனி கதை தனி ரகம். அது ஆரம்பித்ததே ஒரு கணக்குத் தகராறில்!

2010-ல் கிரீஸ் கடனில் மூழ்க, யூரோவைக் காப்பாற்ற ஜெர்மனியும் கைகொடுக்க வேண்டியதாயிற்று. ஊதாரி மச்சானுக்கு ஷ்யூரிட்டி கையெழுத்துப் போட்ட கதை. "இதற்கு மாற்றே இல்லை" என்றார் அன்றைய சான்ஸலர் மெர்கல். இந்தச் சமாதானம் மொழி அறிஞர்களுக்கே பொறுக்காமல், 'மாற்று இல்லாத' என்ற அந்தச் சொல்லை 2010-ம் வருஷத்தின் மோசமான வார்த்தையாகத் தேர்ந்தெடுத்து மானத்தை வாங்கினார்கள்.

'மாற்று இல்லையா? இதோ நாங்க இருக்கோம்!' என்று 2013-ல் கிளம்பியதுதான் 'ஜெர்மனிக்கு மாற்று' கட்சி. சுருக்கமாக ஏ.எஃப்.டி. முன்னால் நின்றவர் பெர்ண்ட் லுக்கே, ஹாம்பர்க் யுனிவர்சிட்டியில் பொருளாதாரப் பேராசிரியர். சக பேராசிரியர்களும் சேர்ந்துகொள்ள, 'புரொபசர் கட்சி' என்றே பெயர் வந்தது. அந்த வருஷத் தேர்தலில் 4.7 சதவிகித ஓட்டு. பார்லிமென்ட்டுக்குள் நுழைய 5 வேண்டும். பார்டரில் ஃபெயில்!

வட்டி விகிதத்தைப் பேசிக் கூட்டம் சேர்க்க முடியுமா? கோபம் வேண்டும். கோபக்காரர்கள் உள்ளே வந்தார்கள். 2015 ஜூலை மாநாட்டில் வாத்தியாரைத் தோற்கடித்து ஃப்ராவ்கே பெட்ரி தலைவியானார். வாத்தியார் சில நாளில் கட்சியைவிட்டே போய்விட்டார். அதே வருஷம் சிரியப் போரிலிருந்தும் மற்ற இடங்களிலிருந்தும் சுமார் 8.9 லட்சம் பேர் அடைக்கலம் தேடி ஜெர்மனிக்கு வந்தார்கள். "நம்மால் முடியும்" என்றார் மெர்கல். ஏ.எஃப்.டி.க்குப் புது சப்ஜெக்ட் கிடைத்துவிட்டது. யூரோவாவது, கிரீஸாவது!

2017-ல் 12.6 சதவிகிதம், 94 எம்.பி.க்கள். வெற்றிக்கு மறுநாள் பிரஸ் மீட்டில் பெட்ரி என்ன செய்தார் தெரியுமோ? 'இந்த எம்.பி.க்களோடு உட்கார மாட்டேன்' என்று எழுந்து போய்விட்டார். அடுத்துத் தலைமையில் இருந்த யோர்க் மொய்தன், அவரும் பொருளாதாரப் பேராசிரியர்தான், 2022 ஜனவரியில் 'கட்சி ரொம்ப வலது பக்கம் போய்விட்டது' என்று விலகினார். பிள்ளையார் பிடித்தவர்களே குரங்கைப் பார்த்துப் பயந்து ஓடினார்கள். ஓட்டு மட்டும் ஓடவில்லை. 2025 பிப்ரவரியில் 20.8 சதவிகிதம், 152 இடங்கள், நாட்டில் இரண்டாவது பெரிய கட்சி!

கிழக்கே இருக்கும் ஐந்து மாநிலங்களிலும் அதுதான் முதலிடம். இத்தனைக்கும் மேற்கைவிட அங்கே வெளிநாட்டினர் குறைவு. அப்புறம் ஏன் கோபம்? பழைய லெட்ஜரைப் புரட்டுங்கள். 1990-ல் இரண்டு ஜெர்மனிகளும் இணைந்தபோது, கிழக்கின் அரசுத் தொழிற்சாலைகள் 'ட்ராய்ஹாண்ட்' என்ற அமைப்பிடம் போயின. சுமார் 40 லட்சம் தொழிலாளர்கள். நாலே வருஷத்தில் விற்றதை விற்று, மூடியதை மூடி, கணக்கை முடித்துவிட்டார்கள். லட்சக்கணக்கானவர்களுக்கு வேலை போயிற்று. இளவட்டங்கள் மேற்கே பிழைக்கப் போயின. கணக்குப்படி அது சரியாகக்கூட இருந்திருக்கலாம். ஆனால், வேலை போனவன் பாலன்ஸ் ஷீட்டைப் படித்து ஆறுதல் அடைவதில்லை ஸார். அவனுக்குக் கை நீட்ட ஓர் ஆள் வேண்டும். அகதியைக் காட்டிக்கொடுத்தார்கள். பழைய பாக்கிக்குப் புது ஆளின் பேரில் பில்!

மற்ற கட்சிகள் 'இவர்களோடு கூட்டே கிடையாது' என்று தீத்தடுப்புச் சுவர் எழுப்பியிருக்கின்றன. 2024-ல் துரிங்கியா மாநிலத்தில் ஏ.எஃப்.டி. 32.8 சதவிகிதம் வாங்கி முதலில் வந்தும் ஆட்சி கிடைக்கவில்லை. சுவரில் விரிசலும் விட்டது. 2025 ஜனவரியில், அப்போது எதிர்க்கட்சித் தலைவராக இருந்த மெர்ஸ் கொண்டுவந்த தீர்மானம் ஏ.எஃப்.டி. ஓட்டில் பாஸானது. 'தப்பு' என்று பகிரங்கமாகக் கண்டித்தவர், அவர் கட்சியின் மெர்கலேதான். சான்ஸலரான பிறகும் மெர்ஸ் ஏ.எஃப்.டி.யைக் கூட்டணியில் சேர்க்கவில்லை.

ஹிட்லரைப் பார்த்த நாடு, சுவர் வேண்டும்தான். ஆனால், ஐந்தில் ஒருவர் ஓட்டு இப்போது சஸ்பென்ஸ் அக்கவுண்ட்டில் கிடக்கிறது.

என் 312 ரூபாய்? மறுநாளே கண்டுபிடித்துவிட்டேன். ஏதோ ஒரு வவுச்சரில் டெபிட்டை எழுதிவிட்டு, கிரெடிட்டை எழுதாமல் விட்டிருந்தேன். சஸ்பென்ஸில் போட்டால் அன்றைக்கு வீட்டுக்குப் போகலாம். கணக்கு முடிந்ததாக அர்த்தமில்லை.