நோயாளியிடம் மறைப்பது யாருக்காக?

பணிமனை ஊழியர்களும் துறைமுகத் தொழிலாளர்களும் நிறைந்த வடசென்னையின் பெரம்பூர், ராயபுரம் பகுதிகளில் ஒருவருக்கு முற்றிய புற்றுநோய் என்று தெரிந்ததும், குடும்பத்தார் மருத்துவரைத் தனியே அழைத்துக் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: “அவருக்கு மட்டும் தெரிய வேண்டாம், டாக்டர்.” அன்பினால் எழும் வேண்டுகோள்தான் இது. ஆனால், மிச்சமிருக்கும் வாழ்நாளை எப்படி வாழ்வது என்று முடிவெடுக்கும் உரிமையை அது நோயாளியிடமிருந்து பறித்துவிடுகிறது. அந்த உரிமையின் மதிப்பை பால் கலாநிதியின் கடைசி இரண்டு ஆண்டுகள் காட்டுகின்றன.

இந்தியாவிலிருந்து அமெரிக்காவில் குடியேறிய பெற்றோரின் மகன் அவர். ஸ்டான்ஃபோர்டில் நரம்பியல் அறுவைசிகிச்சைப் பயிற்சியை முடிக்கும் தறுவாயில், 2013-ல், 36 வயதில், பரவிவிட்ட நுரையீரல் புற்றுநோய் கண்டறியப்பட்டது. இன்னும் எத்தனை மாதம் என்ற கணக்கை அவருடைய மருத்துவர் எடுக்கவில்லை. எது முக்கியம் என்று கேட்டார். மீண்டும் அறுவைசிகிச்சை செய்ய விரும்பினால், விரல் நரம்புகளை அதிகம் பாதிக்காத மருந்தைத் தேர்ந்தெடுக்கலாம் என்றார். கலாநிதி அறுவை அரங்குக்குத் திரும்பினார். நோய் மறுபடி தீவிரமானபோது எழுத்துக்கு மாறினார். 2014 ஜூலையில் மகள் பிறந்தாள். 2015 மார்ச்சில் செயற்கைச் சுவாசம் வேண்டாம் என்று அவரே தீர்மானித்தார். அடுத்த ஆண்டு வெளிவந்த அவருடைய நூலுக்கு, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த ஆபிரகாம் வர்கீஸ் முன்னுரை எழுதினார். தன் நிலை தெரிந்திருந்ததால்தான் இத்தனை முடிவுகளையும் அவரால் எடுக்க முடிந்தது.

அவர் மருத்துவர், வசதியானவர். அன்றாடக் கூலித் தொழிலாளிக்கு வாழ்வின் பொருள் பற்றி யோசிக்க நேரமேது என்று கேட்கலாம். உண்மையில் அந்தத் தொழிலாளிக்குத்தான் தன் நிலையைத் தெரிந்துகொள்வது கூடுதலாகத் தேவை. குணமாகாத நோய்க்கு நகையை அடகு வைப்பதா, பி.எஃப். பணத்துக்கு யாரை நியமிப்பது, பேச்சுவார்த்தை அற்றுப்போன தம்பியைக் கூப்பிடுவதா என்பதெல்லாம் அவர் தீர்மானிக்க வேண்டியவை. வாழ்வின் பொருள் இவற்றிலும்தான் இருக்கிறது. உண்மை தெரிந்தால் மனம் உடைந்துவிடும் என்ற அச்சமும் நியாயமானதே. அதனால்தான் ஒரே மூச்சில் கொட்டிவிடாமல், நோயாளி எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று முதலில் கேட்க வேண்டும். “என் மகனிடம் சொல்லுங்க” என்று அவர் சொன்னால், அதுவும் அவருடைய முடிவுதான். மறைப்பதால் பயம் போய்விடாது. வீட்டாரின் கிசுகிசுப்பிலிருந்தே ஊகித்து, யாரிடமும் கேட்க முடியாமல் தனியே தவிப்பார்.

சொல்வதோடு மருத்துவரின் கடமை முடிவதுமில்லை. வலியில் துடிப்பவரால் எதைச் சிந்திக்க முடியும்? 1985-ம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தால் வலிநிவாரணியான மார்ஃபின் கிடைப்பது அரிதாயிற்று. 2014 திருத்தம் விதிகளைத் தளர்த்தியது. 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்னும் தமிழக அரசுத் திட்டம் வலிநிவாரணச் சேவையை வீட்டுக்கே கொண்டுவருகிறது. உயிர்நீட்டிப்பு சிகிச்சையை மறுத்து முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையை 2018-ல் உச்ச நீதிமன்றம் அங்கீகரித்தது. தன் நோயே தெரியாதவருக்கு இந்த உரிமையால் என்ன பயன்? அப்படியானால், அதை யார் சொல்வது? வியாசர்பாடியில் இரண்டு ரூபாய்க்கும் ஐந்து ரூபாய்க்கும் வைத்தியம் பார்த்து, 2020-ல் மறைந்த டாக்டர் திருவேங்கடம் போன்றவர்கள்மீது வடசென்னை மக்கள் வைத்த நம்பிக்கை பெரிது. அத்தகைய நம்பிக்கையைப் பெற்ற பகுதி மருத்துவர்களே இந்தக் கடினமான பேச்சைத் தொடங்க ஏற்றவர்கள். எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில் 2019 முதல் இடம்பெற்றுள்ள நோயாளியிடம் பேசும் பயிற்சியை, பணியில் இருக்கும் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் அரசு விரிவுபடுத்த வேண்டும். வாழ்நாளைக் கூட்ட முடியாத கட்டத்திலும், அந்த நாட்களை நோயாளியின் கையில் ஒப்படைக்க மருத்துவத்தால் முடியும்.