மலை காப்பாற்றாத மொழி

பாகிஸ்தானின் வடகோடியில், காரகோரம் மலைகளுக்கு நடுவே இருக்கிறது ஹுன்சா பள்ளத்தாக்கு. தெற்கே 7,788 மீட்டர் உயர ராக்கபோஷி சிகரம். வடக்கே சீனாவுக்குப் போகும் குஞ்செராப் கணவாய். மழை மிகக் குறைவு. பனியாறுகள் உருகிவரும் தண்ணீரை மலைச்சரிவில் வாய்க்கால் வெட்டிக் கொண்டுவந்துதான் கோதுமையும் ஆப்ரிகாட்டும் விளைவிக்கிறார்கள்.

மீர் எனப்படும் சிற்றரசர்கள் பல நூற்றாண்டுகள் ஆண்ட நாடு இது. 1891ல் பிரிட்டிஷ் படை பிடித்தது. பின்னர் பாகிஸ்தானோடு சேர்ந்தாலும் மீர் ஆட்சி தொடர்ந்தது. 1974ல்தான் அது முடிவுக்கு வந்தது.

இந்தச் சின்ன இடத்தில் நான்கு மொழிகள். கீழ்ப்பகுதியில் ஷினா, நடுவில் புருஷஸ்கி, மேலே கோஜாலில் வாகி. இவற்றில் புகழ்பெற்றது புருஷஸ்கி. உலகின் எந்த மொழியோடும் அதன் உறவு ஐயமின்றி நிறுவப்படவில்லை. இருபது இருபதாக எண்ணுகிற மொழி அது. அதை ஆராய அறிஞர்கள் தேடி வருகிறார்கள்.

நான்காவது மொழி டொமாகி. கொல்லு வேலை செய்தவர்களும், திருமணத்திலும் போலோ ஆட்டத்திலும் மேளமும் குழலும் வாசித்தவர்களும் பேசிய மொழி. இன்று அதைப் பேசுவோர் சில நூறு பேர்தான். அவர்களிலும் பெரும்பாலோர் முதியவர்கள்.

பழைய மொழிகள் மறைந்தால் சாலையைக் குறை சொல்வது வழக்கம். 1970களின் இறுதியில் காரகோரம் நெடுஞ்சாலை வந்தது. பள்ளிகளில் உருதும் ஆங்கிலமும் வந்தன. இவை எல்லா மொழிகளையும் நெருக்குகின்றன என்பது உண்மைதான். ஆனால் டொமாகி தேய்ந்த கதை சாலைக்கு முந்தையது. அதைப் பேசியவர்களை ஊர் தாழ்வாக நடத்தியது. வாயைத் திறந்தாலே குலம் தெரிந்துவிடும் என்ற நிலையில், பெற்றோர் பிள்ளைகளிடம் புருஷஸ்கியில் பேசத் தொடங்கினார்கள். அவர்களைக் குறை சொல்ல யாருக்கு உரிமை இருக்கிறது?

உயர்ந்த மலைகள் அந்நியரைத் தடுக்கலாம். பக்கத்து வீட்டுக்காரனின் ஏளனத்தைத் தடுக்காது. பேசுகிறவனை மதிக்காமல் அவன் மொழியை மட்டும் காப்பாற்ற முடியாது. அகராதியும் ஒலிப்பதிவும் தேவைதான். ஆனால் கொல்லன் மகன் தன் பாட்டியின் மொழியைக் கடைத்தெருவில் கூச்சமில்லாமல் பேச முடிய வேண்டும். அது நடக்காதவரை அந்த ஒலிப்பதிவுகள் வெறும் நினைவுச்சின்னங்களே.