நீர்ச் சுழற்சிப் படத்தில் சேரி எங்கே?

எந்த அறிவியல் பாடநூலைப் புரட்டினாலும் நீர்ச் சுழற்சிப் படம் ஒன்று இருக்கும். கடல், வெயில், மேகம், மலை, மழை, ஆறு, மறுபடியும் கடல். ஓரத்தில் ஓர் ஊரும் இருக்கும். அந்த ஊரில் சேரி இருக்காது. தண்ணீருக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை என்று நம் பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள். தண்ணீருக்குச் சாதி உண்டு என்பதைத் தெருக்குழாயடியில் கற்றுக்கொள்கிறார்கள்.

இதைச் சொன்னால் உடனே ஒரு கேள்வி வரும்: அறிவியல் பாடத்தில் அரசியல் எதற்கு?

2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் குழந்தைகளுக்கு உடம்பு முடியாமல் போனது. தண்ணீரைப் பாருங்கள் என்றார்கள் மருத்துவர்கள். மேல்நிலைத் தொட்டியில் ஏறிப் பார்த்தபோது மலம் மிதந்தது. மலம் கலந்த நீரால் என்ன நோய் வரும் என்பது அறிவியல் பாடம் என்றால், அது தலித் மக்கள் குடிக்கும் தொட்டியில் கலக்கப்பட்டது என்பது மட்டும் எப்படி அரசியல் ஆகிவிடும்? 1927 மார்ச் 20 அன்று மகாத் சவுதார் குளத்தில் அண்ணல் அம்பேத்கரும் தோழர்களும் நீர் அருந்தினார்கள். அதன் பிறகு சாதி இந்துக்கள் மாட்டுச் சாணமும் கோமியமும் ஊற்றி அந்தக் குளத்தைச் 'சுத்தம்' செய்தார்கள். மனிதர் தொட்டால் தீட்டு, சாணம் கரைத்தால் தூய்மை. இதைவிட நல்ல சுகாதாரப் பாடம் வேறு என்ன வேண்டும்? எந்தப் புத்தகத்தில் இதைச் சேர்த்திருக்கிறார்கள்?

வானிலைக்கு வருவோம். தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதியை வடகிழக்குப் பருவமழை தருகிறது. காற்றழுத்தத் தாழ்வு எப்படிப் புயலாகிறது என்று புத்தகம் விளக்குகிறது. அது நம் பிள்ளைகளுக்குத் தெரிந்தே ஆக வேண்டும். ஆனால் மழை எல்லார் மேலும் பெய்தாலும் வெள்ளம் எல்லார் வீட்டுக்குள்ளும் வருவதில்லை. ஊர் மேட்டில் இருக்கிறது. சேரி பள்ளத்திலும் ஓடையோரத்திலும் இருக்கிறது. இதை மேகமா முடிவு செய்தது? 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையேறியபோது கூரை வீடும் மாடி வீடும் ஒன்றாகவா நின்றன? சென்னையில் ஆற்றோரம் ஆபத்து என்று சொல்லி உழைக்கும் மக்களை அகற்றினார்கள். கொண்டுபோய் வைத்த பெரும்பாக்கமோ பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டி இருக்கிறது. புயலுக்குப் பெயர் வைக்கும் அறிவியல், பள்ளத்தில் குடிவைத்தது யார் என்றும் கேட்கட்டும்.

மூன்றாவது மூளை. "உனக்கெல்லாம் படிப்பு மண்டையில ஏறாது" என்று கேட்காமல் வளர்ந்தவர் நம்மில் எத்தனை பேர்? அந்தப் பேச்சுக்கு ஒரு காலத்தில் அறிவியல் வேடமும் போட்டார்கள். எட்கர் தர்ஸ்டன் சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்தபோது, சாதி சாதியாக மக்களின் தலையையும் மூக்கையும் கருவி வைத்து அளந்தார். மூக்கின் அகலத்துக்கும் சாதிப் படிநிலைக்கும் தொடர்பு உண்டு என்று ரிஸ்லி எழுதினார். அதே வகை அளவுகளை எடுத்து, பிராமணரும் தீண்டப்படாதவரும் வேறு வேறு இனம் அல்ல என்று 1948-இல் அம்பேத்கர் வாதிட்டார். அளவுகோலைக் கண்டு அவர் ஓடவில்லை. அதைப் பிடுங்கித் திருப்பி அளந்தார். அறிவியலை நாம் படிக்க வேண்டிய முறை அதுதான்.

இன்றைய மூளையியல் நம் பக்கம் நிற்கிறது. மனிதர் எழுதத் தொடங்கி ஐயாயிரம் ஆண்டுகள் சொச்சம்தான் ஆகிறது. எவருடைய மூளையும் எழுத்தோடு பிறப்பதில்லை. பயிற்சியால்தான் மூளையின் ஒரு பகுதி எழுத்தை அடையாளம் காணப் பழகுகிறது. 2010-இல் ஸ்தனிஸ்லாஸ் தெஹேன் குழுவினர் பிரேசில், போர்த்துக்கல் நாடுகளைச் சேர்ந்தவர்களிடம் செய்த ஆய்வில், வளர்ந்த பிறகு படிக்கக் கற்றவர்களின் மூளையிலும் இந்த மாற்றம் தெரிந்தது. அக்கிரகாரத்துப் பிள்ளையும் நம் பிள்ளையும் தொடங்குவது ஒரே இடத்தில்தான். தலைமுறை தலைமுறையாக ஒருவருக்கு ஏட்டைக் கொடுத்தார்கள், இன்னொருவருக்கு மறுத்தார்கள். அவ்வளவுதான் வேறுபாடு.

அந்த மறுப்பு வகுப்பறையில் இன்றும் தொடர்கிறது. கடைசி வரிசையில் உட்காரவைக்கப்படும் பிள்ளை, வாசிக்கும் முறை வராத பிள்ளை, பெருக்கவும் கழிவறை கழுவவும் அனுப்பப்படும் பிள்ளை இழப்பது வாசிப்புப் பயிற்சியை. பிறகு அதே பிள்ளைக்கு 'மெல்லக் கற்போர்' என்று முத்திரை குத்துகிறார்கள். உடல் எடையில் சுமார் 2 சதவீதம் உள்ள மூளை, உடலின் ஆற்றலில் சுமார் 20 சதவீதத்தைத் தின்கிறது. வெறும் வயிற்றோடு வரும் பிள்ளையிடம் கவனம் எங்கிருந்து வரும்? 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80 சதவீதம், பட்டியல் சாதியினருக்கு 73 சதவீதம். இந்த இடைவெளியை மண்டையில் தேடாதீர்கள், பள்ளிக்கூடத்தில் தேடுங்கள்.

தம்பி தங்கைகளே, கையெழுத்துப் போடத் தெரிவதோடு எழுத்தறிவு முடிந்துவிடாது. குடிநீர்ப் பரிசோதனை அறிக்கையைப் படித்துப் புரிந்துகொள்வது எழுத்தறிவு. வானிலை எச்சரிக்கையைப் படித்து, நம் தெருவுக்கு எப்போது தண்ணீர் வரும் என்று கணக்கிடுவது எழுத்தறிவு. அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்களின் கடமை என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 51ஏ பிரிவு. அந்தக் கடமையை நம் படிப்பகங்களில் தொடங்குவோம்.

மாலைப் படிப்பகம் நடத்தும் தோழர்கள் போட்டித் தேர்வு வழிகாட்டிகளோடு மூளை, நீர், வானிலை பற்றிய தமிழ் நூல்களையும் வாங்கி வையுங்கள். பிள்ளைகளைச் சத்தமாக வாசிக்கவிடுங்கள். காலனித் தொட்டியைக் கடைசியாக எப்போது கழுவினார்கள் என்று குறித்து வையுங்கள். நேரான பக்கமுள்ள பாட்டிலில் மழையை அளந்து, எத்தனை மில்லிமீட்டருக்கு எந்தத் தெரு மூழ்குகிறது என்று வரைபடம் போடுங்கள். மார்ச் 22, உலகத் தண்ணீர் நாளில் கிராமசபை கூடும்போது, அந்தத் தாள்களோடு எழுந்து நின்று கேள்வி கேளுங்கள்.

நீர்ச் சுழற்சிப் படத்தில் நம் தெருவை நாம்தான் வரைய வேண்டும். ஜெய்பீம்!